டாக்டரிடம் கேளுங்கள்: பாலத்தில் ஏறலாம், இறங்க முடியவில்லை

கேள்வி: எனக்கு 66 வயது. கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்து, மரத்துப்போகின்றன. எங்காவது உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஸ்டேஷன் பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல்4-எல்5 இடத்தில் சென்ட்ரல், லேட்டரல் ரெசஸ், ஃபோராமினல் ஸ்டெனோசிஸ் என்று போட்டிருக்கிறது. மூன்று வியாதியா? ஆபரேஷன்தான் வழி என்கிறான் மகன்.
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வியாதி ஒன்றுதான் அம்மா: முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் குழாய் குறுகுவது, அதாவது சுருக்கம் (ஸ்டெனோசிஸ்). அது நெருக்குகிற இடங்கள்தான் மூன்று. எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள். அந்தக் குழாயைச் சால் குடியிருப்பின் அறை ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறையின் நடுப்பகுதி சென்ட்ரல். வெளியே போகக் கிளம்பிய நரம்பு ஒதுங்கி நிற்கும் சுவரோரம் லேட்டரல் ரெசஸ். அது வெளியேறும் வாசல் ஃபோராமன்.

எந்த இடம் என்பதைப் பொறுத்து வலியும் மாறும். நடுவில் நெருக்கினால் உங்களைப் போல இரண்டு கால்களும் நடக்க நடக்கக் கனக்கும். எல்4-எல்5 சுவரோரத்தில் மாட்டுவது பெரும்பாலும் இடுப்பின் ஐந்தாம் நரம்பு. கெண்டைக்கால் வெளிப்பக்கமாக இறங்கி, புறங்காலில் போய் வலிக்கும், கட்டைவிரலைத் தூக்கும் பலம் குறையும். அதே மட்டத்தில் வாசல் குறுகினால் நான்காம் நரம்பு மாட்டும். முன்தொடை, முழங்கால் பக்கம் வலி வரும்.

உங்கள் வயதில் பெரும்பாலும் தேய்மானம்தான் காரணம். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் டிஸ்க் நீர்ச்சத்து வற்றித் தட்டையாகிப் பின்பக்கம் பிதுங்குகிறது. அது தாங்கிய பாரம் பின்னாலுள்ள சிறு மூட்டுகள் மேல் விழ, அவை தடிக்கின்றன. கூடவே குழாயின் பின்சுவரிலுள்ள மஞ்சள் தசைநாரும் தடித்து உள்ளே மடிகிறது. 50 வயது தாண்டிய பெண்களுக்கு எல்4 எலும்பு எல்5 மேல் முன்னால் நழுவுவதும் உண்டு. ரிப்போர்ட்டில் 'லிஸ்தெஸிஸ்' என்று இருக்கிறதா, பாருங்கள்.

குனிந்தால் அந்தத் தசைநார் இழுபட்டு இடம் கொஞ்சம் விரியும். நிமிர்ந்து பின்னால் சாய்ந்தால் குறுகும். படியேறும்போது தானாக முன்னால் சாய்கிறோம், இறங்கும்போது பின்னால். அதுதான் உங்கள் பாலத்துக் கதை! காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அது சும்மா நின்றாலே தணியும், உட்காரவோ குனியவோ வேண்டியதில்லை. சர்க்கரை இருந்தால் பாதத்தில் நாடி பார்த்துக்கொள்வது நல்லது.

ஆபரேஷனா? நான் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன் நோயாளியை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்ப்பேன். வலியே இல்லாத பெரியவர்களுக்கும் ஸ்கேனில் சுருக்கம் தெரியும். படத்துக்காக யாரும் கத்தி வைப்பதில்லை. முதலில் பயிற்சி, மருந்து. நடக்கும் தூரம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால் அப்புறம் பேசலாம். ஒன்று மட்டும் விதிவிலக்கு: சிறுநீர் திடீரென்று நின்றாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். மகனிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வயது 34. தாராவியில் தையல் கடை. எனக்கும் இதே பெயரைச் சொல்கிறார்கள். இது வயதானவர்கள் வியாதி இல்லையா?
- வாசகர், மும்பை

பதில்: சிலருக்குப் பிறவியிலேயே முள்ளெலும்பின் காம்பு குட்டையாக இருக்கும், அதனால் குழாயும் குறுகல். 1954-இல் இதை விரிவாக எழுதியவர் ஹென்க் வெர்பீஸ்ட் என்ற டச்சு நரம்பியல் அறுவை நிபுணர். முன்பின் அளவு 10 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் முழுச் சுருக்கம், 10 முதல் 12 வரை ஓரளவு சுருக்கம் என்பது அவர் கணக்கு. குழாய் அகலமாக இருப்பவருக்குச் சின்ன டிஸ்க் பிதுக்கம் தெரியவே தெரியாது. உங்களுக்கு ஒதுங்க இடமில்லை, அதனால் சீக்கிரம் தெரிந்துவிட்டது. மெஷினில் உட்கார்ந்து தைக்கும்போது வலிக்கிறதா, நடக்கும்போதா என்று நீங்கள் எழுதவில்லை. உட்கார்ந்தால்தான் அதிகம் என்றால் சுருக்கத்தைவிட டிஸ்க் மேல்தான் எனக்குச் சந்தேகம்.