கால்பந்தில் ஒரு வீரரை 'லோனில்' அனுப்புவது என்றால் என்ன? நைஜீரியாவின் விக்டர் ஒசிமென் ஏன் அப்படிப் போனார்?

நிலத்தைக் குத்தகைக்கு விடுவது மாதிரிதான். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் அந்தப் போகம் உழுது அறுப்பது வேறொருவர். லோனிலும் வீரரின் ஒப்பந்தம் பழைய கிளப்போடுதான், ஆடுவது மட்டும் இன்னொரு கிளப்புக்கு. சம்பளத்தை யார் தருவது என்பது பேசிக்கொள்வதைப் பொறுத்தது.

லாகோஸில் பிறந்த ஒசிமெனுக்கு இது இரண்டு முறை நடந்தது. ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஒரு லீக் கோல்கூட அடிக்காமல் பெஞ்சிலேயே கிடந்தவர், 2018-ல் லோனில் பெல்ஜியத்தின் ஷார்லெருவா போய்தான் கோல் அடிக்கவே ஆரம்பித்தார். அப்புறம் பிரான்ஸின் லீல், இத்தாலியின் நாப்போலி கிளப்புகள். 2022-23-ல் 26 கோலடித்து, 33 வருடமாகக் காத்திருந்த நாப்போலிக்கு இத்தாலிய லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார் (அந்த ஊர் கொண்டாடியதைப் பார்த்திருக்க வேண்டும்).

2024-ல் கதை வேறு. நாப்போலி விற்கப் பார்த்தது, பேரம் படியவில்லை, பெரிய லீக்குகளில் வீரர்களை வாங்கும் கெடுவும் முடிந்துவிட்டது. துருக்கியில் இன்னும் கெடு பாக்கி இருந்ததால் அங்குள்ள கலாத்தாசராய் கிளப்புக்கு லோன்.

லோனில் போனாலே ஆட்டம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஒசிமென் அந்த சீசனில் துருக்கி லீக்கிலேயே அதிக கோல் அடித்தார், 2025-ல் கலாத்தாசராய் 7.5 கோடி யூரோ கொடுத்து அவரைச் சொந்தமாக்கிக்கொண்டது.