அது சோம்பேறித்தனம் இல்லை

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மலத்துவாரம் இல்லாமல் பிறந்தான். வயிற்றில் பை வைத்து, துவாரம் அமைத்து, பிறகு பையையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தினம் ஜட்டியில் கசிகிறது. ஸ்கூலிலிருந்து கூப்பிட்டு அனுப்புகிறார்கள். 'சோம்பேறித்தனம், நாலு வை' என்கிறார் மாமியார். பயிற்சி கொடுத்தால் நிற்குமா?
- ஒரு தாய், தாராவி, மும்பை

பதில்: நாலு வைக்கவே வேண்டாம். மலம் வருவதை உணர்வதும் அதை அடக்கும் தசையும் இப்படிப் பிறக்கும் குழந்தைகள் பலருக்குக் குறைவாகவே இருக்கும். முதுகுத்தண்டின் அடியெலும்பு சரியாக வளராதவர்களுக்கு இன்னும் மோசம். அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

கசிகிறதே என்று பழத்தையும் கீரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல குழந்தைகளுக்கு உள்ளே மலம் இறுகி அடைத்திருக்கும்; அதன் ஓரமாக இளகியது வழியும். வயிற்று எக்ஸ்-ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

இதற்கென்றே 'பவல் மேனேஜ்மென்ட்' என்ற முறை இருக்கிறது. சுமார் ஒரு வாரம் தினம் எக்ஸ்-ரே பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அடக்கும் சக்தி ஓரளவு இருந்தால் மலமிளக்கியும், சாப்பிட்டதும் கழிப்பறையில் உட்காரும் பழக்கமும். அந்தச் சக்தி இல்லையென்றால் தினம் ஒரு எனிமா, அதாவது மலத்துவாரம் வழியே திரவம் செலுத்திக் குடலைக் கழுவுவது. பயிற்சியால் தசை முளைக்காது. ஆனால் குடலைத் தினமும் காலி செய்தால் அடுத்த எனிமா வரை ஜட்டி சுத்தமாக இருக்கும். ஸ்கூலுக்குப் போகிற பையனுக்கு அதுதானே வேண்டும்?

சிக்கல் வேறு இடத்தில். எனிமா கொடுத்தபின் அரைமணி, முக்கால்மணி உட்கார வேண்டும். வரிசையில் நின்று கதவைத் தட்டுகிற பொதுக் கழிப்பறையில் நடக்கிற காரியமா? ஒரு கமோட் நாற்காலி வாங்கி வீட்டு மோரியிலேயே, அதாவது குளிக்கிற மூலையிலேயே போடுங்கள். முன்னால் ஒரு பழைய புடவைத் திரை, காலுக்குக் கீழே ஒரு முக்காலி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், தினம் ஒரே நேரத்தில். கையில் மொபைலைக் கொடுங்கள், இந்த ஒரு நேரம் மட்டும் நான் தடை சொல்ல மாட்டேன். எனிமாவுக்கு வெறும் தண்ணீர் கூடாது, உடம்பின் உப்புச்சத்து ஆபத்தாகக் குறையும். சலைன் என்கிற உப்புநீர்தான், அளவை டாக்டர் சொல்வார். மெடிக்கலில் விற்கும் பாஸ்பேட் எனிமாவை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

வளர்ந்தபின் கூச்சப்படுவான். அப்போது குடல்வாலைத் தொப்புள் பக்கம் திறந்து, அதன் வழியே தானே எனிமா செலுத்திக்கொள்ள ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது. மலோன் என்ற மருத்துவர் 1990-ல் வெளியிட்ட முறை. இப்போதைக்கு அவசரமில்லை.

வகுப்பு டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, பையில் மாற்று ஜட்டி வையுங்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக முடியாவிட்டால் பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். பழைய ஆபரேஷன் பேப்பர்கள் அத்தனையும் கையில் இருக்கட்டும்.