ஹானா சாலையில் கேம்பர் வேன்: முதலில் இரவைப் பிடியுங்கள், அப்புறம் வண்டி

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகள். கோடை விடுமுறையில் ஹவாயின் மாவித் தீவுக்குப் போய், ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்து ஹானா சாலையில் நான்கு நாள் சுற்றலாம் என்று ஆசை. பிடித்த இடத்தில் நிறுத்தி, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்துக்கொள்ளலாம்தானே? கணவருக்கு இங்கே கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. பெரிய வண்டி ஓட்டியதில்லை. இது சரிப்பட்டு வருமா?

பதில்: சரிப்பட்டு வரும். ஆனால் ‘பிடித்த இடத்தில் படுத்துக்கொள்வது’ என்பதை இப்போதே திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். ஹவாய் மாநிலச் சட்டப்படி மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாலை ஓரத்திலோ மற்ற பொது இடத்திலோ நிறுத்திய வண்டிக்குள் குடியிருக்க முடியாது. கடற்கரைப் பார்க்கிங்கும் இதில் அடங்கும். ‘ஒரு ராத்திரிதானே’ என்று நிறுத்துபவர்களின் கண்ணாடியைப் போலீஸ்காரர் தட்டுவார். அதற்கு முன்பே ஊர்க்காரர் வந்து தட்டினாலும் தட்டுவார்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பலர் விமான டிக்கெட்டும் வேனும் பதிவு செய்துவிட்டு, இரவு எங்கே தங்குவது என்று கடைசியில் தேடுகிறார்கள். நீங்கள் அனுமதிச் சீட்டு கையில் வந்த பிறகு வேனைப் பாருங்கள். தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹானா ஊர்ப் பக்கம் வேனோடு சட்டப்படி இரவு தங்க நான் நம்பிச் சொல்லும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, ஹானாவுக்குச் சற்று முன்னால் இருக்கும் வயானாபானாபா மாநிலப் பூங்கா. முகாம் அனுமதியை இணையத்தில் வாங்கும்போது, கூடாரத்துக்கான இடமா கேம்பர் வேனுக்கான இடமா என்று பார்த்து வாங்குங்கள். மற்றொன்று, ஹானாவைத் தாண்டிப் பத்து மைலில் கீபஹுலு. ஹாலேயகலா தேசியப் பூங்காவின் கடலோரப் பகுதி அது. அங்கே முகாம் இடத்துக்குத் தனியாக முன்பதிவு வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம் வண்டிக்கு 30 டாலர், மூன்று நாள் செல்லும். அதே சீட்டில் எரிமலை உச்சிப் பகுதிக்கும் போகலாம்.

இரண்டில் ஓர் இரவாவது கிடைக்கவில்லையென்றால் கேம்பர் வேண்டாம். சாதாரணக் கார் எடுத்து ஹானாவில் ஓர் அறை போடுங்கள். படுக்க இடமில்லாத கேம்பர், திரும்பச் சிரமப்படும் கார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கிடைத்துவிட்டால் கதையே வேறு. விமானம் இறங்கும் ஊரான காஹுலுயியிலிருந்து ஹானா 52 மைல். 620 வளைவுகள், 59 பாலங்கள் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. பாலங்களில் 46, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிடத் துடிக்கிறார்கள். பத்து மணிக்கு அருவி ஓரமெல்லாம் வண்டி நெருக்கம். மூன்று மணிக்கு எல்லோரும் மேற்கே திரும்பிவிடுகிறார்கள். ஹானா பக்கம் படுத்து எழுகிறவருக்கு மாலை நான்கு மணிக்கு மேலும் காலை ஒன்பது வரையும் அந்தக் கரை ஏறக்குறையத் தனக்கே கிடைக்கும். கேம்பருக்குக் கொடுக்கும் காசு இந்த இரண்டு வேளைக்குத்தான்.

வண்டியைப் பற்றி. வீடு மாதிரி நீண்ட வண்டிகளை மறந்துவிடுங்கள். மாவியில் கிடைப்பவை பெரும்பாலும் பின்பக்கம் மெத்தை போட்ட சிறு வேன்கள், அல்லது கூரைமேல் கூடாரம் விரியும் ஜீப்புகள். இந்தச் சாலைக்கு அதுதான் பொருத்தமும்கூட. கழிப்பறை உள்ளே இருக்காது. மூன்று பேருக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், மூன்றாவது ஆளுக்கு முறையான இருக்கையும் பெல்ட்டும் உண்டா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மெத்தைக்காக நடு இருக்கையைப் பிடுங்கிவிட்ட வேன்கள் உண்டு. ஹவாயில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தாண்டாவிட்டால், உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் கட்டாயம்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒருமுறை வாடகைக்கு எடுத்த வேனில், பக்கக் கதவின் கொண்டி சரியாக விழவில்லை. இடத்தை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. ராத்திரி மழை பெய்ததும் மெத்தையின் ஒரு முனை குளம். அன்றிலிருந்து சாவி வாங்கியதும் எல்லாக் கதவையும் மூன்று முறை திறந்து மூடுவேன், அடுப்பை அங்கேயே பற்றவைத்துப் பார்ப்பேன், ஜன்னல் கொசுவலையில் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். வாடகை கொடுப்பவர் முகம் சுளிக்கட்டும், பரவாயில்லை.

அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. காஹுலுயியில் இறங்கியதும் அரிசி, பருப்பு, தண்ணீரோடு அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கறிவேப்பிலை எடுத்துப்போகும் பழக்கம் இருந்தால், ஹவாய்க்கு வரும்போது நிரப்பும் விவசாயப் படிவத்தில் அதை எழுதியாக வேண்டும். ஹவாய்க்குள் வரும் செடி, இலை எதுவானாலும் அறிவிக்கணும். உலர்ந்த பொடிகளோடு போனால் தலைவலி இல்லை. பெட்ரோலை, வழியில் முதலில் வரும் பாயியா ஊரில் நிரப்பிவிடுங்கள். அதற்கு அப்புறம் ஹானாவில்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். மளிகைக்கு அங்கே 1910-லிருந்து நடக்கும் ஹசேகவா கடை இருக்கிறது. ஆனால் கடையை நம்பிக் கிளம்பாதீர்கள். மாலையில் ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். வழியில் கைப்பேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

மைல் கற்களிலும் ஒரு குழப்பம் உண்டு. காஹுலுயியிலிருந்து புறப்படுவது 36-ஆம் நெடுஞ்சாலை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழி போனதும் அது 360 என்று பெயர் மாறும். அந்த இடத்தில் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ‘இரண்டாம் மைலில் அருவி’ என்று யாராவது சொன்னால் அது 360-இன் இரண்டாம் மைல். பாயியாவுக்கு முன்பே இரண்டாம் மைலைத் தேடி, அருவியைக் காணோம் என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஓட்டுவது. உங்கள் கணவர் பயப்பட வேண்டியது வளைவுகளுக்கு அல்ல, பாலங்களுக்கு. பாலம் வருவதற்கு முன் சாலை ஒடுங்கும், வழிவிடச் சொல்லும் பலகை தெரியும். அங்கே வேகத்தை விட்டு, பாலத்தின் மறுமுனையைப் பாருங்கள். எதிரே ஒரு வண்டி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால், பாலத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள். வாயிலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அவர்கள் வெளியே வர இடம் வேண்டும். அவர்கள் வரிசை முடிந்ததும் நீங்கள் போகலாம். உங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள் போய்விட்டால், எதிர்ப்பக்கம் காத்திருப்பவருக்கு விட்டுக்கொடுப்பது அங்கே மரியாதை. விட்டவருக்குக் கை காட்டணும். சிலர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டி ஆட்டுவார்கள். ஊர் வழக்கம், மகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு மரியாதை இன்னும் முக்கியம். கண்ணாடியில் பின்னால் ஒரு பிக்கப் டிரக் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தால், அது வேலைக்கோ மருத்துவமனைக்கோ போகும் ஊர்க்காரராக இருக்கும். அன்றாடப் போக்குவரத்துக்கு இந்தச் சாலைதான் அவர்களுக்கு. அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். அருவியைப் படம் எடுக்க வண்டியின் பாதியைச் சாலையில் விட்டு இறங்கவே கூடாது. ஹானா சாலையில் தவறாக நிறுத்தினால் அபராதம் 200 டாலருக்கு மேல், கேம்பருக்குச் சலுகை கிடையாது.

போகும்போது கடல் இடப்பக்கம். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் நீங்கள் மலையை ஒட்டிப் போவீர்கள். திரும்பும்போதுதான் பள்ளத்தின் விளிம்பு உங்கள் பக்கம் வரும். பழகாத வண்டியில் முதல் நாள் சௌகரியமாகவும் கடைசி நாள் கொஞ்சம் கடினமாகவும் அமைவது நல்லதுதான். திரும்பும் நாளில் காலை ஏழுக்குள் புறப்பட்டுவிட்டால், எதிரே வரும் கூட்டத்தை வழியில் பாதிக்கு அப்புறம்தான் சந்திப்பீர்கள்.

நாள் கணக்கு எப்படி என்றால்: முதல் நாள் இறங்கி, வண்டி வாங்கி, சாமான் வாங்கி, காஹுலுயியிலேயே ஓர் அறையில் தூங்குங்கள். களைத்த கண்ணோடு இந்தச் சாலையைத் தொடாதீர்கள். இரண்டாம் நாள் காலை ஏழுக்குள் பாயியாவைத் தாண்டுங்கள். மகளுக்கு வாந்தி வரும் வழக்கம் இருந்தால் கிளம்பும் முன்பே மாத்திரை கொடுத்து, வெறும் வயிறாகவும் இல்லாமல் இட்லி இரண்டோ ரொட்டியோ போட்டு விடுங்கள். கழிப்பறைக்கு 360-இன் 12-ஆம் மைலில் கௌமஹீனா, 22 தாண்டி புவாகா என்ற வழியோரப் பூங்காக்கள்.

வழியில் ஒரே ஓர் இடத்தில்தான் நிதானமாக நிற்கச் சொல்வேன்: கேயனயி. பிரதான சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கினால், கறுத்த எரிமலைப் பாறை கடலுக்குள் நீட்டிய ஒரு நாக்கு. அதன்மேல் நம் வயல் மாதிரியே வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்திய பாத்திகள். நெல் என்று நினைப்பீர்கள்; கிட்டே போனால் இலை காட்டிக்கொடுக்கும். சேப்பங்கிழங்கு! நாம் புளிக்குழம்பில் போடுவதை அவர்கள் வேகவைத்து இடித்துக் கூழாக்கி ‘போயி’ என்று சாப்பிடுகிறார்கள். ஹவாய் மக்களுக்கு அதுதான் மூத்த உணவு. 1946 ஏப்ரல் 1 அன்று வந்த ஆழிப்பேரலை இந்த ஊரை ஏறக்குறைய வழித்துவிட்டது. 1860-இல் கட்டிய கல் தேவாலயம் மட்டும் நின்றது, இன்றும் நிற்கிறது. பாத்திகள் குடும்பச் சொத்து, வரப்பில் ஏறாதீர்கள். ‘கபு’ என்று எழுதிய பலகை கண்டால் உள்ளே போகாதே என்று பொருள். நம் ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது அல்லவா, அதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது, மறக்காமல் இருக்க உதவும்.

அன்றிரவு வயானாபானாபா. கருமணல் கடற்கரை இங்கேதான். முகாம் போடாமல் வெறுமே பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு 2021-லிருந்து நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம், அதனால் பகலிலேயே நெரிசல் கட்டுக்குள் இருக்கும். மாலையில் கூழாங்கற்களை அலை இழுத்துக்கொண்டு போகும் கரகர சத்தம் வேனுக்குள் வரைக்கும் கேட்கும். கடலில் மகளை இறக்குவதற்கு முன் பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். இழுப்பு பலமான கரை அது.

மூன்றாம் நாள் கீபஹுலு. ஹானா தாண்டினால் சாலை இன்னும் ஒடுங்கும், மைல் எண்கள் இறங்குமுகமாகும். 42-க்கு அருகில் பூங்கா. பிபிவை நடைபாதை போய்வர 4 மைல். நடுவில் மூங்கில் காடு, முடிவில் 400 அடி வைமோகு அருவி. எட்டு வயதுப் பிள்ளை நடந்துவிடும், சகதிக்கு ஏற்ற செருப்பு வேண்டும். அதே பூங்காவின் ஓஹேயோ குளங்களில் நீச்சல் பெரும்பாலான நாட்கள் தடை. காரணம் உண்டு: இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், வெள்ளம் நிமிடங்களில் இறங்கும். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், குச்சியும் சருகும் மிதந்து வந்தால், பையை எடுக்க நிற்காமல் கரை ஏறுங்கள். உடம்பில் ஆறாத கீறல் இருந்தால் எந்த ஓடையிலும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி நன்னீரில் இருக்கலாம். முகாமில் தண்ணீரை எதிர்பார்க்காமல் கேனை ஹானாவிலேயே நிரப்பிச் செல்லுங்கள்.

அங்கிருந்து கௌப்போ வழியாகத் தீவைச் சுற்றி வரும் பின்புறச் சாலை வரைபடத்தில் கவர்ச்சியாகத் தெரியும். சில இடங்களில் தார் இல்லை, மழையில் கல் சரியும். வாடகை ஒப்பந்தத்தில் இந்தச் சாலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பல ஒப்பந்தங்களில் அங்கே வண்டி நின்றால் இழுவைச் செலவு உங்கள் தலையில். முதல் முறை போகிறவருக்கு வந்த வழியே திரும்புவதுதான் என் சிபாரிசு; அருவிகள் எதிர்த்திசையிலிருந்து வேறு மாதிரிதான் தெரியும்.

நான்காம் நாள் வண்டியை ஒப்படைக்கும் முன் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். வழியோரக் கடையில் மகள் ஆசைப்பட்டு வாங்கிய கொய்யாவும் மாம்பழமும் எங்காவது உருண்டு கிடக்கும். விமான நிலைய விவசாயச் சோதனையில் இரண்டையும் எடுத்துவிடுவார்கள், அங்கேயே தின்று தீர்த்துவிடுங்கள். அன்னாசியைக் கொண்டுவரலாம்.