காபன் கணக்குப் படிச்சா வேலை கிடைக்குமோ?

அக்கா, மகள் ஏ.எல் பயோ எழுதிப்போட்டு, சாப்பாட்டுச் சாமான் செய்யிற கொம்பனியளின்ர காபன் அடிச்சுவடு அளக்கிற வேலைக்குத்தான் போவன் எண்டு நிக்கிறா, இது என்ன கூத்து எண்டு கேட்டிருந்தீங்கள். கூத்து இல்லை. ஆனா மரம் நடுற வேலையும் இல்லை, முக்காவாசி கணக்கப்பிள்ளை வேலை.

நெல்லி கிரஷ் போத்தல் ஒண்டை எடுங்கோ. தோட்டத்துக்குப் போட்ட யூரியா, கப்பல்ல வந்த சீனி, காய்ச்சின விறகு, கரண்ட், கொழும்புக்குப் போன லொறியின்ர டீசல், எல்லாத்தையும் பில் பில்லாத் தேடி, ஒரு போத்தலுக்கு எத்தனை கிராம் காபனீரொக்சைட்டு வெளியேறினதுக்குச் சமன் எண்டு கொண்டுவரவேணும், அதுதான் காபன் அடிச்சுவடு, அதுக்கு ஐஎஸ்ஓ 14067 எண்டு 2018ல வந்த தரம் ஒண்டும் இருக்கு. வெறும் போத்தலுக்கே கண்ணாடியை 1,500 பாகை செல்சியஸ் அளவில உருக்கவேணும், அதால சிலநேரம் உள்ளுக்க இருக்கிறதை விட போத்தலுக்குத்தான் கணக்குக் கூட வரும். கூல்ரூம் இருக்கிற இடத்தில குளிராக்கிறதுக்குப் போடுற ஆர்404ஏ காஸ் ஒரு கிலோ லீக் ஆனா, 3,900 கிலோவுக்கு மேல காபனீரொக்சைட்டு விட்டதுக்குச் சமன். அதை ஒருத்தரும் எழுதி வைக்கிறேல்லை, கூல்ரூம் திருத்திற பாஸ் வந்து காஸ் நிரப்பின பழைய பில்லைக் கிண்டி எடுக்கிற பொறுமை இருந்தாத்தான் பிடிக்கலாம். மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கோ எண்டு உங்களுக்குத்தான் தெரியும்.

காபன் எண்டு பேர் போட்ட குறுங்கால டிப்ளோமாவுக்கு இப்ப காசு கட்டாதேங்கோ. முதல் ஒரு உறுதியான டிகிரி. பேராதனையில ஃபுட் சயன்ஸ், இல்லாட்டி எங்கட யாழ்ப்பாணக் கம்பஸின்ர விவசாய பீடம், கிளிநொச்சி அறிவியல் நகரில. யாழ்ப்பாணத்தில இந்தப் பேரில வேலை இண்டைக்குக் குறைவுதான், நான் மறைக்கேல்லை, முதல்ல ஏதாவது ஃபக்டரியில கியூஏ, அதாவது தரம் பாக்கிற பக்கமாத்தான் உள்ளுக்க போகவேணும். ஐரோப்பாவுக்கு ஏத்துமதி செய்யிற இடங்களிலதான் வாங்கிறவை இந்தக் கணக்கைக் கேக்கினம், அது கூடுதலா கொழும்புப் பக்கம், பொம்பிளைப்பிள்ளையைத் தனிய அங்க விடுறதோ எண்டதை இப்பவே வீட்டில கதைச்சு வையுங்கோ.

ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் சும்மா இராம இந்தக் கணக்குப் போடுற ஓபன்எல்சிஏ எண்ட சொஃப்ட்வெயாரை இறக்கிப் பாக்கச் சொல்லுங்கோ, இலவசம். அதுக்கு முதல், தெரிஞ்ச மிளகாய்த்தூள் மில் ஒண்டில ஒரு மாசக் கரண்ட் பில்லையும் அரைச்ச கிலோவையும் கேட்டு, ஒரு கிலோவுக்கு எவ்வளவு கரண்ட் போகுது எண்டு எக்செல்ல போட்டுப் பாக்கட்டும். இசட் ஸ்கோர் வந்தோண்ண கூட்டிக்கொண்டு வாங்கோ, கம்பஸ் ஃபோமில எதை முதல் போடுறது எண்டு பாப்பம்.