மூக்கு சொல்வதும் மெஷின் சொல்வதும்: எண்ணெய் கேள்வி-பதில்

கேள்வி: செக்கு நல்லெண்ணெய் என்று வாங்கினேன். மூடியைத் திறந்தால் வீடே மணக்கிறது, தோசைக்கல்லில் விட்டால் மணமே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. எசென்ஸ் கலந்திருக்கலாம். ஆனால் வாசத்தை மட்டும் வைத்து வழக்காட முடியாது. ஆய்வகத்தில் கொழுப்பு அமிலங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்லெண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் சுமார் 8 முதல் 12 சதவீதம். பாமாயிலில் 40ஐத் தாண்டும். கலந்திருந்தால் எண் ஏறிவிடும். அடுத்த முறை வாங்கும்போதே, பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அப்படித்தான் கேட்கிறது. குறை உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் ஃப்ரிட்ஜில் உறைந்தது. சுத்தம்தானே?

பதில்: பாமாயிலும் உறையும்.

கேள்வி: சொந்தச் செக்கு வைத்திருக்கிறேன். நேற்று ஆட்டிய எண்ணெயில் ஹெக்ஸானல் (காறல் வாடை தரும் பொருள்) அதிகம், கெட்டது என்று ஆய்வகம் எழுதிவிட்டது.

பதில்: குடிதண்ணீர் பாட்டிலில் பாதி ஊற்றி அனுப்பினீர்களா? பலரும் செய்யும் தவறு அது, எனக்குத் தாங்கமுடியாத எரிச்சலும் அதுதான். உள்ளே நிற்கும் காற்றும் வெளிச்சமும் எண்ணெயில் இருக்கும் லினோலிக் என்ற கொழுப்பு அமிலத்தை உடைக்கும். அதில் பிறப்பதுதான் ஹெக்ஸானல். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ச்சியாக அனுப்புங்கள். ஆய்வகத்தையும் விடாதீர்கள். 20 மி.லி. குப்பியில் 2 கிராம் எண்ணெய், 40 முதல் 50 டிகிரி சூடு, மேலே தேங்கும் வாசத்தை உறிஞ்ச மெல்லிய இழையை 30 நிமிடம் நீட்டி, பிறகு வாசப் பொருட்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியின் 250 டிகிரி வாயிலில் விடுவிப்பது: இப்படிச் செய்தால் நம்பலாம். 80 டிகிரியில் வைத்தால் குப்பிக்குள்ளேயே எண்ணெய் காறத் தொடங்கி, பழி உங்கள் செக்கின் மேல் விழும். எண்ணெய் இல்லாமல் வெறும் இழையை ஓட்டிப் பார்த்தார்களா, அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளைச் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் கருவி வரையும் கோட்டில் சிகரத்தின் உயரத்தைப் பார்த்து அளவு சொல்வது சரியல்ல. எண்ணெய் காறத் தொடங்கியதைக் காட்டும் பெராக்ஸைடு எண்ணையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று 15 லிட்டர் டின் கடலை எண்ணெய், அடுப்படியில் எட்டு மாதம். சிக்கு வாடை. காய்ச்சினால் போகுமா?

பதில்: போகாது. வாடை கொஞ்சம் ஆவியாகும், காறல் நிற்கும். தேதி பார்க்காமல், தேவை பார்க்காமல் டின் வாங்கினால் வேறென்ன ஆகும்? மணத்தை நம்பி 5 லிட்டர் கேன் வாங்கி நானும் நஷ்டப்பட்டிருக்கிறேன். இப்போது ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. அந்த டின்னைச் சமையலறையிலிருந்து வெளியேற்றுங்கள்.