'டிராய்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இலியட்டைப் படித்தால் அதே கதைதான் கிடைக்குமா?

கிடைக்காது. 2004இல் வெளிவந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நானும் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்துக்குள் போனேன். கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்து டிராய் நகருக்குள் நுழைந்த மரக்குதிரை எப்போது வரும் என்று காத்திருந்தபடியே 24 காண்டங்களையும் படித்து முடித்தேன். குதிரை வரவே இல்லை. கிரேக்கர்கள் டிராய் மீது நடத்திய பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில், ஏறத்தாழ 50 நாள்களில் நடந்தவற்றை மட்டுமே இலியட் சொல்கிறது. கிரேக்க வீரன் அக்கிலீஸின் சினத்தில் தொடங்கும் அந்தக் காவியம், டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரை, அக்கிலீஸின் மரணம், நகரம் எரிந்தது ஆகியவற்றை அறிய ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியிடமும் ரோமக் கவிஞர் வர்ஜிலிடமும் போக வேண்டும்.

படத்தில் தெய்வங்களை நீக்கிவிட்டார்கள் என்பது பலருடைய குறை. இயக்குநர் வோல்ஃப்காங் பீட்டர்சனும் திரைக்கதை எழுதிய டேவிட் பெனியாஃபும் எடுத்த அந்த முடிவு எனக்குப் பெரிய தவறாகத் தோன்றவில்லை. காவியத்தின் மூன்றாம் காண்டத்தில், ஹெலனின் கணவன் மெனலாவுஸோடு தனிச்சண்டையிட்டுத் தோற்றுக்கொண்டிருக்கும் பாரிஸை, ஹெலனைக் கவர்ந்துவந்த ஹெக்டரின் தம்பியை, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி மூடுபனியில் மறைத்து அவனுடைய படுக்கையறைக்கே கொண்டுசேர்க்கிறாள். படத்தில் காப்பாற்றத் தேவதை இல்லாததால் பாரிஸ் தவழ்ந்துபோய் அண்ணனின் கால்களைப் பற்றிக்கொள்கிறான். அந்த வெட்கம் முழுவதும் அவனுக்கே உரியதாகிவிடுகிறது. ஆனால் அடுத்த கணமே ஹெக்டர் மெனலாவுஸைக் கொன்றுவிடுகிறான். மரபுக்கதையில் மெனலாவுஸ் ஹெலனை அழைத்துக்கொண்டு ஸ்பார்ட்டாவுக்குத் திரும்பி நெடுங்காலம் வாழ்ந்தவன்.

என்னால் ஏற்க முடியாத மாற்றம் ஹெக்டரின் இறுதிச் சண்டையில் இருக்கிறது. படத்தில் எரிக் பானா நடித்த ஹெக்டர், கோட்டை வாசலில் நின்று அக்கிலீஸ் அழைத்ததும் மனைவியிடமும் தந்தையிடமும் விடைபெற்று இறங்கி வந்து நேருக்கு நேர் போரிட்டுச் சாகிறான். இருபத்திரண்டாம் காண்டத்திலோ, உள்ளே வந்துவிடு என்று தாயும் தந்தையும் மதில்மேலிருந்து கெஞ்சியும் கேளாமல் வெளியே நின்ற ஹெக்டர், அக்கிலீஸ் நெருங்கியதும் நடுங்கி ஓடுகிறான். நகரைச் சுற்றி மூன்று முறை ஓடுகிறான். அந்த ஓட்டத்தின் நடுவே, ஒன்றில் வெந்நீரும் மற்றொன்றில் குளிர்ந்த நீருமாகப் பெருகும் இரண்டு ஊற்றுகளை அவர்கள் கடப்பதை ஹோமர் சொல்கிறார். கிரேக்கர்கள் வருவதற்கு முந்தைய அமைதிக் காலத்தில் டிராய் நகரத்துப் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டிகள் அங்கே இருக்கின்றன. உயிருக்கு ஓடுகிறவனின் பாதையில் அந்தத் துவைகற்களை நினைவுகூர்ந்த கவிஞரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனத்துவிடுகிறது. படம் பத்தாண்டுப் போரைச் சில வாரங்களாகச் சுருக்கிவிட்டதால், இழந்துபோன அந்த அமைதிக்காலத்தின் தொலைவை அதனால் காட்டவே முடியவில்லை.

ஓடியவன் பிறகு நிற்கிறான், தம்பி டெயிஃபோபஸ் துணைக்கு வந்துவிட்டதாக நம்பி. அது தம்பியின் உருவில் வந்த, கிரேக்கர் பக்கம் நின்ற பெண்தெய்வம் அதீனா என்று அவனுக்குத் தெரியவரும்போது, அருகில் யாருமில்லை. தன் முடிவு வந்துவிட்டதை அறிந்தே வாளை உருவிப் பாய்கிறான். அதே நேரத்தில் வீட்டில் அவன் மனைவி ஆண்ட்ரோமாக்கி, போரிலிருந்து திரும்பும் கணவன் குளிப்பதற்காக வெந்நீர் வைக்கச் சொல்லிப் பணிப்பெண்களை ஏவிக்கொண்டிருக்கிறாள். வீரனின் கண்ணியத்தைக் காக்கும் எண்ணத்தில் படம் அந்த அச்சத்தை எடுத்துவிட்டது. எனக்கோ அஞ்சி ஓடிப் பின் நின்ற ஹெக்டர்தான் பெரிய வீரன். ஆண்ட்ரோமாக்கியையும் படம் அப்படித்தான் காக்கிறது: அவள் குழந்தையோடு சுரங்கவழியே தப்பிவிடுகிறாள். காவியத்தின் இறுதிக் காண்டத்தில், பகைவன் ஒருவன் இந்தக் குழந்தையை மதிலிலிருந்து வீசிவிடக்கூடும் என்று அவளே கணவனின் உடலருகே அழுகிறாள். மரபுக்கதையில் அது அப்படியே நடக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் படத்தை நான் விரும்புவதற்குக் காரணம் பீட்டர் ஓடூல். ஹெக்டரின் தந்தையான டிராய் அரசர் பிரயாமாக நடித்த அவர், இரவில் அக்கிலீஸின் கூடாரத்துக்குள் நுழைந்து, மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உடலைத் தந்துவிடுமாறு கேட்கும் காட்சி, இருபத்து நான்காம் காண்டத்துக்கு மிக அருகில் நிற்கிறது. காவியத்தில் அதற்குப் பிறகும் சில உண்டு. கிழவர் மகனுக்காகவும், அக்கிலீஸ் ஊரிலிருக்கும் தன் தந்தைக்காகவும் ஹெக்டர் கையால் இறந்த நண்பன் பேட்ரோக்ளஸுக்காகவும் ஒரே கூடாரத்தில் அழுகிறார்கள். பிறகு சேர்ந்து உண்கிறார்கள். மகனின் உடலைக் கண்டதும் கிழவர் கொதித்தால் தானும் சினந்து அவரைக் கொன்றுவிடக்கூடும் என்று அஞ்சிய அக்கிலீஸ், அவர் கண்ணில் படாமல் உடலைக் கழுவித் துணி போர்த்தச் சொல்கிறான்.

முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் ஆறு, இருபத்திரண்டு, இருபத்து நான்கு ஆகிய காண்டங்களை மட்டுமாவது முதலில் படியுங்கள். ஆறாவதில், தந்தையின் தலைக்கவசத்துக் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு குழந்தை வீறிட்டு அழ, ஹெக்டர் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொள்கிறான்.