புற்றுநோய் வந்து குணமானவர்களுக்குத் தத்துக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம்.

கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. தருமபுரி, சேலம் என்று ஊசி, மாத்திரை, ஸ்கேன். அந்த ஸ்கேன் ஒன்றில்தான் சினைப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. பெங்களூரில் ஆபரேஷன். சினைப்பை இரண்டும் கர்ப்பப்பையும் போயின. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. குழந்தைக்காக அலைந்ததால்தான் நீ பிழைத்தாய் என்பார் என் வீட்டுக்காரர். ஒருவகையில் நிஜம்தான். சினைப்பைப் புற்று பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். கீமோ காலத்தைப் பற்றி விரித்து எழுத விருப்பமில்லை. களியைப் பார்த்தாலே குமட்டும், அது போதும்.

சரி, தத்து விஷயத்துக்கு வருகிறேன். 2022 தத்தெடுப்பு விதிகள் சொல்வது, பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்பதுதான். வந்து போன நோய்க்குத் தனியாகத் தடை எதுவும் இல்லை. சிகிச்சை முடிந்தது, பரிசோதனையில் நோயின் அறிகுறி இல்லை, குழந்தை வளர்க்கும் உடல்நிலை இருக்கிறது என்று புற்றுநோய் மருத்துவரிடமே கடிதம் வாங்கி, மருத்துவச் சான்றிதழோடு மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றினேன். எதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு விசாரிக்க வந்த சமூகப் பணியாளர் ஃபைலைப் புரட்டிவிட்டு நேராகவே கேட்டார்: "நோய் திரும்ப வந்தா குழந்தையை யாருங்க பார்த்துக்குவாங்க?" வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த நாத்தனார், டம்ளரோடு வெளியே வந்து, "எம் பசங்களோட இன்னொண்ணு, இதுக்கென்ன யோசனை?" என்றார். சமூகப் பணியாளர் அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சர்க்கரையும் பிபியும் இருக்கிற எந்தத் தகப்பனிடமும் கேட்கவேண்டிய கேள்விதான் அது. பெற்றவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கு நிஜமான முட்டுக்கட்டை நோயில்லை, வயது. சிகிச்சை தின்ற வருடங்கள் கணக்கில் வந்துவிடும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-க்குள் இருக்கவேண்டும். 2 முதல் 4 வயதுக்கு 90. நாங்கள் 85-ஐத் தாண்டியிருந்தோம். அதனால் எங்களிடம் வந்தது நடந்து, பேசி, அடம்பிடிக்கிற பெண். இல்லத்தில் பார்த்துக்கொண்ட எல்லாரையும் "அம்மா" என்று கூப்பிட்டுப் பழகியவள். இங்கே வந்தும் நாத்தனார் அம்மா, பூக்காரி அம்மா, நானும் ஒரு அம்மா. மற்றவர்கள் அத்தை, அக்கா என்று மாறக் கொஞ்ச காலம் பிடித்தது. எந்த சாதியோ என்று மாமியார் இன்னும் முணுமுணுப்பார். அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் எங்கள் பழைய தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. அந்தக் குழந்தைகளை நேரே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். முடியாது. குழந்தைகள் நலக் குழு தத்துக்கு உரியதென அறிவித்த பிறகு, அதே இணையதள வரிசையில்தான் வரும். "தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, பத்திரத்துல எழுதி முடிச்சிடலாம்" என்று எங்களிடமும் ஒருவர் வந்தார். கிட்டேயே சேர்க்காதீர்கள். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் அபராதம். முறைப்படி போனால் இப்போது கோர்ட் வாசலும் ஏறவேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே தத்து ஆணை கொடுக்கிறார்.

முழுசாகக் குணமாகி இன்னும் சில வருடம் போகட்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அதை முடிவு செய்யவேண்டியவர் உங்கள் மருத்துவர். அவர் சரி என்றதும் இருவர் வயதையும் கூட்டிப் பார்த்து உடனே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்த தேதியில் உள்ள வயதைத்தான் பார்ப்பார்கள், அதற்கப்புறம் காத்திருப்பு வருடக்கணக்கில் போகும்.